இரண்டாவது அடுப்பு

மாசி பிறந்துவிட்டால் கிள்ளிப்பாலத்தில் வைக்கோல் பறக்க ஆரம்பித்துவிடும். மலைக்கு அந்தப் பக்கம் தென்காசியிலிருந்து லாரி லாரியாக மண்சட்டி வந்து இறங்கும். சட்டிக்கும் சட்டிக்கும் நடுவே திணித்திருந்த வைக்கோல் காற்றில் கிளம்பி, எங்கள் வலியசாலை அக்ரகாரம் வரைக்கும் வந்து கோலத்தின்மேல் உட்காரும். மாமிகள் வைதுகொண்டே பெருக்குவார்கள். பெருக்கி முடித்ததும் வைதுகொண்டே போய் ஆளுக்கு ஒரு சட்டி வாங்கி வருவார்கள். ஆற்றுகால் அம்மனுக்குப் பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கும் பொங்காலைக்குப் புதுச்சட்டி வேண்டுமே. பேரம் பேசாமல் வாங்கிய சட்டியில் பொங்கினால் அம்மனுக்கே பிடிக்காது என்பது எங்கள் தெரு நம்பிக்கை.

என் பெயர் சாம்பசிவன், வக்கீல் குமஸ்தா. வஞ்சியூர் கோர்ட்டு வராந்தாவில் தேய்ந்த என் செருப்புகளுக்கு நஷ்டஈடு கேட்டால் அதிலேயே நான் ஒரு வீடு கட்டலாம். மெய்ச்சாட்சி, பொய்ச்சாட்சி, பிரியாணிக்கு வந்த சாட்சி எல்லாம் பார்த்தாயிற்று. சாமியையும் சாட்சியையும் நான் ஒரே மாதிரிதான் நம்புவேன். நேரில் வந்து நின்றால் பார்ப்போம், அதுவரை பேச்சில்லை.

சட்டிக்காரப் பேச்சிமுத்துவை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தென்காசிப் பக்கத்து ஆள். மற்ற மாதங்களில் கட்டட வேலை, மாசியில் சைக்கிளில் சட்டி. கேரியரின் இரண்டு பக்கமும் கயிற்று வலை கட்டி, அதில் சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார். பின்னாலிருந்து பார்த்தால் ஆளே தெரியாது. சட்டிக் குவியல் ஒன்று தானாகத் தெருவில் உருண்டு போவது போலிருக்கும். பாரம் இருக்கும்வரை தள்ளிக்கொண்டு நடப்பார். பாதி விற்ற பிறகு ஏறி மிதிப்பார்.

அவர் மனைவி இசக்கிசெல்வி கிள்ளியாற்றங்கரை வாடகை வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டியாக விரலால் சுண்டிப் பார்ப்பாள். ணங்கென்று கேட்டால் நல்ல சட்டி. தொப்பென்று கேட்டால் எங்கேயோ விரிசல். கண் வேறெங்கோ இருக்கும், வாய் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருக்கும், காது மட்டும் சட்டியில் இருக்கும்.

போன வருஷம் பொங்காலைக்கு முதல் நாள் மத்தியானம், கிள்ளிப்பாலம் ரோட்டில் பேச்சிமுத்துவுக்கு விபத்து நடந்தது. அன்றைக்கு அந்த ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு ஓரமும் மும்மூன்று செங்கல்லாக அடுப்புக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். வெளியூர்ப் பெண்கள் அவரவர் செங்கல்லுக்குப் பக்கத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். நடுவில் அன்னதானச் சோறு ஏற்றிய வேன்கள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று சட்டிகள் உடையும் சத்தம் கேட்டது. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தபோது பேச்சிமுத்து ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே கிடந்தார். ஒரு சோற்று வேன் டிரைவர் இறங்கி ஓடிவந்து, "செங்கல்லில் தடுக்கி விழுந்துட்டார், பாவம்" என்று மலையாளத்தில் சொல்லி, தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். எல்லோரும் அவனைப் புண்ணியவான் என்றார்கள்.

வைகாசிப் பாதியில் பிடிக்கிற இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்தச் சோற்று வேன்தான் இடித்தது, கேஸ் போடவேண்டும் என்று இசக்கிசெல்வி எங்கள் ஆபீசுக்கு வந்தாள். வக்கீல் மாளவிகா எங்கள் தெருப் பெண். நான் தூக்கி வளர்த்த குழந்தை, இப்போது எனக்குச் சம்பளம் கொடுக்கிறாள்.

"ஒக்காரு. புருஷன் பேர் என்ன?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பேர்தான். கட்சிக்காரர் வாயால் கேட்டு எழுதுவது எங்கள் பழக்கம்.

இசக்கிசெல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவுக பேர நான் எப்படிச் சாமி சொல்லுவேன்? கார்டுல போட்டிருக்குல்லா, பாத்து எழுதிக்கிடுங்க."

"கோர்ட்டுல ஜட்ஜி கேட்டா என்ன பண்ணுவே?"

"அவுகளுக்கும் கார்டத்தான் காட்டுவேன்."

மாளவிகா சிரித்துவிட்டாள். பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"மாமி, இதுல சைக்கிள்லேர்ந்து தானே விழுந்ததுன்னு இருக்கே. போலீஸும் அதையே எழுதி முடிச்சுட்டா. டாக்டர்கிட்ட யார் அப்படிச் சொன்னது?"

"நாந்தான் மோளே. அம்மன் தள்ளிவிட்டுட்டான்னு சொன்னேன்."

"அம்மனா?"

"அந்த வட்டம் லாரியில வந்ததுல நெறைய சட்டி விரிசலு. ஒடச்சுப் போட்டுருவோம்னாவ அவுக. நாந்தான் கேக்கல. கோதம்பு மாவும் செம்மண்ணும் கொழச்சு உள்ளுக்குப் பூசி, காயவச்சு, அவுகளுக்குத் தெரியாம வலையில அடுக்கிட்டேன். அம்மனுக்குப் பொங்குத சட்டில்லா? சும்மா விடுவாளா? ரோட்டுல சட்டி அம்புட்டும் தூள் தூளா கெடக்கு, அவுக பேச்சுமூச்சில்லாம கெடக்காவ. எனக்கு வேற நெனப்பே வரல மோளே. டாக்டர் எப்படி விழுந்தாருன்னு கேட்டாவ. அம்மன் தள்ளுனா, வேற ஒருத்தரும் ஒண்ணும் செய்யலன்னேன். கொண்டாந்து சேத்த டிரைவர் காலத் தொட்டுக் கும்புட்டேன்."

என் சர்வீஸில் குற்றம் செய்துவிட்டு இல்லை என்றவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இடித்தவன் காலில் விழுந்து, தன்மேலேயே கேஸை எழுதிக்கொண்டு, அம்மனையும் இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்த்துக்கொண்டவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"பின்னே வேன் இடிச்சதுன்னு இப்ப எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் மாளவிகா.

"அவுகளுக்கு ஓர்மை திரும்பிட்டு. ஒரு பொம்பள பின்னாலருந்து விளிச்சாளாம். நின்னு, கால ஊணி, தலையத் திருப்புனாவளாம். வெள்ள வண்டி மூஞ்சி தெரிஞ்சுதாம். அதுக்குப் பெறவு ஒண்ணுமில்ல. சைக்கிளப் போய்ப் பாத்தேன் சாமி, பின் சக்கரம் அப்பளமா நொறுங்கிக் கெடக்கு. செங்கல் தட்டுனா முன் சக்கரமில்லா வளையும்?"

விஷயம் சரிதான். ஆனால் வேன் கம்பெனியின் இன்ஷூரன்ஸ்காரர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்க்கடையில் கேமரா இருந்தது. அதற்கு நேர் முன்னால் பக்தர்களை வரவேற்று ஒரு ஃபிளக்ஸ் கட்டியிருந்தார்கள். அன்று முழுக்க அந்தக் கேமரா பார்த்தது ஃபிளக்ஸின் முதுகை மட்டும்தான்.

"ஐ விட்னஸ் இல்லாதே ஒண்ணும் செய்யான் பற்றில்ல மாமா" என்று மாளவிகா என்னிடம் மலையாளத்துக்குத் தாவினாள். மனசு விட்டுப் போனால் அவளுக்கு மலையாளம்தான் வரும்.

கண்ணால் பார்த்த சாட்சி இல்லாமல் ஒன்றும் முடியாது என்பது இசக்கிசெல்விக்குப் புரிந்துவிட்டது.

"சாட்சி இருக்கு மோளே. விளிச்ச பொம்பள இருக்கால்லா. தமிழ்க்காரி. அவுக வாயில தண்ணி ஊத்துனதும் அவதானாம், கடைக்காரவுக சொன்னாவ. அடுப்புக்கு எடம் போட்டு இருந்தவ. வார மாசிக்கு அங்கயே வருவா. அடுப்பு வச்ச எடத்த ஒருத்தியும் மாத்தமாட்டா."

"லட்சக்கணக்குல பொம்மனாட்டிகள் வராடீ" என்றேன். "அதுல பேரும் தெரியாது, மூஞ்சியும் தெரியாது. எங்கேன்னு தேடுவே?"

"இந்த அம்மனும் சிலம்பத் தூக்கிக்கிட்டுப் புருஷனுக்கு நியாயம் கேட்டு நடந்தவதான சாமி."

"அவள் ஊரையே எரிச்சா. நமக்கு ஒரு சாட்சி போறும்" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

மனு கொடுத்தோம். வாய்தா வாங்கி வாங்கி மாசிவரை இழுத்தது என் சாமர்த்தியம், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. நடுவில் கையெழுத்து வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆற்றில் சிவப்பாக வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். தொடையில் கம்பி வைத்தும் எலும்பு கூடவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் ஊன்றுகோல் இல்லாமல் நிற்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹோட்டலில் மாவரைத்துப் பாத்திரம் தேய்க்கும் இசக்கிசெல்வியின் கூலி, வாடகைக்கும் சோற்றுக்கும் சரியாகிவிடும். நஷ்டஈடு வந்தால் கால், வராவிட்டால் கட்டில். கேஸ் அவ்வளவுதான்.

இசக்கிசெல்வி மத்தி மீன் குழம்பை மூடித் தள்ளி வைத்துவிட்டு, எனக்கு வேகவைத்த மரவள்ளிக் கப்பையும் தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் கொடுத்தாள். காரம் உச்சந்தலையில் ஏறியது. அப்படி ஒரு கப்பையை நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

"நான் நின்னேன் சாமி" என்றார் பேச்சிமுத்து. "அது மட்டும் உறுதி. கால் தரையில இருந்துச்சு. விளிச்சா நிக்கணும்லா? சட்டி வாங்குனவ விளிக்கா, என்னமோ கொறன்னுதான அர்த்தம்."

"அவ விளிக்கலேன்னா போயிருப்பேள்."

"போயிருப்பேன். ஆனா அவ மேல என்ன தப்பு?"

மாசியும் வந்தது, வைக்கோலும் பறந்தது. பேச்சிமுத்து வாசலில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து தானே சட்டி சுண்டினார். தொப்பென்று கேட்டதை எல்லாம் அந்த இடத்திலேயே சுவரில் அடித்து உடைத்தார். இசக்கிசெல்வி ஓட்டுச் சில்லுகளைக் கூட்டி அள்ளினாள். நல்ல சட்டிகளை அவளே தலைச்சுமையாகக் கொண்டுபோய்ப் பாலத்தடியில் வைத்து விற்றாள். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சட்டி விற்றவள், தான் ஒரு தடவைகூடப் பொங்காலை வைத்ததில்லை. விற்கிறவளுக்குப் பொங்க நேரம் ஏது? இந்த வருஷம் ஒரு சட்டியைத் தனியே எடுத்து வைத்தாள். விபத்து நடந்த இடத்தில் மூன்று செங்கல்லை வைத்து, கூட்டம் வருவதற்கு முன்பே போய்க் குந்திக்கொண்டாள்.

முதல் நாள் முழுக்க அந்த வரிசையில் வந்து உட்கார்ந்த ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். "போன வட்டம் இங்கனயா அக்கா பொங்குனியோ? ஒரு சட்டிக்காரர வண்டி தட்டுனத பாத்தியளா?" கொல்லத்திலிருந்து வந்தவள் பார்க்கவில்லை. நாகர்கோவில்காரி போன வருஷம் வரவேயில்லை. நெய்யாற்றின்கரை மாமி ஒருத்தி சத்தம் மட்டும் கேட்டாளாம். சாயங்காலம் நான் போனபோது இசக்கிசெல்வியின் தொண்டை கட்டிவிட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு அடுப்புக்கான செங்கல் மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. யாரோ சொந்தக்காரியிடம் சொல்லி இடம் போட்டிருக்கிறாள் என்றார்கள்.

"வரலேன்னா என்ன பண்ணப் போறே?" என்றேன். மனசு கேட்கவில்லை.

"பொங்கிட்டுப் போவேன் சாமி. பெறவு அம்மன் இஷ்டம்."

மறுநாள் காலையில் எங்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் சார்பாக மோர் கொடுக்கிற வேலை எனக்கு. ஆம்பிளைகளுக்கு அன்றைக்கு இந்த ஊரில் வேறு வேலை கிடையாது. நீர்மோர் வாளியும் டம்ளருமாக வரிசை வரிசையாக நடந்து கொடுத்துக்கொண்டே போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ரோடு, சந்து, கடை வாசல், பஸ் ஸ்டாண்ட், ஆபீஸ் காம்பவுண்ட் எங்கே பார்த்தாலும் பெண்கள். கார் வைத்திருப்பவளும் காரைத் துடைப்பவளும் ஒரே தார் ரோட்டில் குந்தியிருந்தார்கள். வருஷா வருஷம் பார்க்கிற கூட்டம்தான், நான் போக்குவரத்து நெரிசல் என்ற கணக்கில்தான் அதைப் பார்த்து வந்திருக்கிறேன்.

ஒலிபெருக்கியில் செண்டை முழங்கியது. தூரத்தில் கதினா வெடி வெடித்தது. கோவில் அடுப்பில் தீ வைத்தாயிற்று. ஆற்றுகால் பக்கத்திலிருந்து குலவை கிளம்பி, தெருத் தெருவாக வளர்ந்து, எங்கள் தலைக்கு மேலே போயிற்று. பின்னாலேயே தீ வந்தது. ஒருத்தி தன் அடுப்பிலிருந்து ஓலைப் பந்தத்தைப் பற்றவைத்துப் பக்கத்துக்காரிக்குக் கொடுப்பாள், அவள் அடுத்தவளுக்கு. கொடுக்கிறவள் யார், வாங்குகிறவள் யார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. வளைவில் புகை எழுந்தது, பிறகு பாலத்தில், பிறகு என் காலடியில். கண்ணுக்கெட்டிய தூரம் ஊரே எரிந்துகொண்டிருந்தது, ஒரு கூரைக்கும் சேதமில்லை. மோர் ஊற்றுவதை மறந்து நின்றேன். கையிலிருந்த வாளி கனத்தது.

இசக்கிசெல்வியின் பக்கத்து அடுப்புக்காரி அப்போதுதான் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்திருந்தாள். மெலிந்த ஒடிசலான பெண்பிள்ளை. கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. போணக்காடு எஸ்டேட்டிலிருந்து இறங்கி, வித்துராவில் பஸ் கிடைக்காமல் நின்று, யார் யாருடைய வண்டியிலோ தொற்றி வந்ததாகச் சுற்றியிருந்தவர்களிடம் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெயர் மாடம்மாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அவள் இரண்டு அடுப்பையும் மூட்டிவிட்டு, எரிகிற பந்தத்தை இசக்கிசெல்வி பக்கம் நீட்டினாள்.

இசக்கிசெல்வி வாங்கித் தன் அடுப்பில் வைத்தாள். குரல் போன தொண்டையோடு, பக்கத்து அடுப்புக்காரியிடம் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"ரெண்டு சட்டியாக்கா? ஒண்ணு மகளுக்கா?"

"மோள் இல்லம்மா எனக்கு. ஒண்ணு எனக்கு, மத்தது ஒரு மனுஷனுக்கு. பேரு அறியாது."

இசக்கிசெல்வி அப்படியே நிமிர்ந்தாள். அவள் அரிசி அள்ளிய கை சட்டிக்கு மேலே நின்றுவிட்டது.

"கழிஞ்ச வருஷம் இந்த எடத்துல ஒரு சட்டிக்காரர வண்டி இடிச்சுப் போட்டுச்சு, கேட்டோ" என்று மாடம்மாள் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். "நாந்தான் அவர விளிச்சது. சட்டி வாங்கித் தண்ணி ஊத்திப் பாத்தேன், அடியில ஒழுகுது. அண்ணாச்சி, ஒண்ணு நில்லும், சட்டி ஒழுகுதுன்னு விளிச்சேன். வேற ஆளா இருந்தா கேக்காத மாதிரி மிதிச்சுப் போயிருப்பான். அந்த மனுஷன் ஓரமா ஒதுங்கி, கால ஊணி நின்னாரு. நின்னவரப் பின்னால வந்து இடிச்சுட்டான் வேன்காரன். என் கண்ணு முன்னால. தண்ணி குடுத்தேன், அதுக்குள்ள தூக்கிட்டுப் போயாச்சு, நான் சொன்னது அந்தச் சத்தத்துல ஒருத்தர் காதுலயும் விழல. ஆளு உண்டா இல்லியான்னும் அறியாது. நான் விளிக்காம இருந்திருந்தா அவரு வீடு போய்ச் சேந்திருப்பாரு. எனக்கு ஒறக்கமில்லம்மா. அவருக்கும் ஒரு அடுப்பு வைக்கேன்னு அம்மன்கிட்ட நேந்துட்டேன்."

சுற்றிலும் குலவையும் செண்டையுமாக இருந்தது. இசக்கிசெல்வி கையிலிருந்த அரிசியை மெல்லச் சட்டிக்குள் விட்டாள்.

"உசுரோட இருக்காவ அக்கா" என்றாள். "என் வீட்டுலதான் இருக்காவ. அந்தச் சட்டிய ஒழுக வச்ச பாவி நாந்தான்."

மாடம்மாளுக்கு முதலில் புரியவில்லை. இசக்கிசெல்வி மாவும் செம்மண்ணும் பூசிய கதையைச் சொல்லச் சொல்ல அவள் முகம் என்னென்னவோ ஆயிற்று. எனக்கு பயமாக இருந்தது. விரிசல் சட்டியை அம்மன் தலையில் கட்டினவளுக்காகச் சாட்சி சொல்ல மாட்டேன் என்று அவள் எழுந்து போனால் எங்கள் கேஸ் அதோடு முடிந்தது. மாடம்மாள் எழுந்தாள். அடுப்பைச் சுற்றி வந்து, இசக்கிசெல்வியின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"உசுரோட இருக்காரா? நெசமா? எந்தா நீ மொதல்லயே அதச் சொல்லாதது!" என்று அழுதாள். இரண்டு பேரும் அந்தப் புகைக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

சட்டியைப் பூசினவள் தன் தப்பு என்றாள். கூப்பிட்டவள் தன் தப்பு என்றாள். இடித்தவன் மட்டும் ஒரு வருஷமாக நன்றாகத் தூங்கினான். கோர்ட்டு வராந்தாவில் இத்தனை காலம் குப்பை கொட்டியும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

நான் போய்ச் சாட்சி விஷயத்தைச் சொன்னேன். மாடம்மாள் யோசிக்கவே இல்லை. "வருவேன் சேட்டா. கண்டது கண்டபடி சொல்லுவேன். நான் விளிச்சதையும் சொல்லுவேன்" என்றாள். சொன்னபடியே வஞ்சியூருக்கு வந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவளைக் குறுக்கே கேட்டுக் கேட்டுக் களைத்துப் போனார். எங்கே கால் ஊன்றினார், எந்தப் பக்கம் ஒதுங்கினார், வேன் எங்கே வந்து முட்டியது எல்லாவற்றையும் அவள் ஒரு வருஷமாகத் தூக்கமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தவள் அல்லவா? நஷ்டஈடு கொடுக்கத் தீர்ப்பாயிற்று. பேச்சிமுத்துவுக்கு ஆபரேஷனும் ஆயிற்று. வருகிற மாசிக்கு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருவார், மிதிக்க மாட்டார். ஆனால் ஊன்றுகோல் இல்லை.

அது பின்னால் நடந்தது. அன்றைக்குத் தெருவில் நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடம்மாள் இரண்டாவது அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். தண்ணீர் கொதித்துவிட்டிருந்தது. அரிசியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இசக்கிசெல்வியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேரு சொல்லு. ஒரு வருஷமா பேரில்லாதே வேண்டிட்டிருக்கேன். இப்பமாவது பேர் சொல்லி அரிசி இடுதேன்."

இசக்கிசெல்வியின் கை தலைப்பைத் தேடி வாய்க்குப் போயிற்று. கார்டு வீட்டில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம், வாயைத் திறக்கவும் செய்தேன். ஏனோ மூடிக்கொண்டேன்.

அவள் தலைப்பை விட்டுவிட்டாள்.

"பேச்சிமுத்து" என்றாள். கட்டிய தொண்டையில் அது காற்றாகத்தான் வந்தது. மாடம்மாள் கேட்கவில்லை என்று காதைக் காட்டினாள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பேச்சிமுத்து!" என்று இசக்கிசெல்வி கத்தினாள். "அவுக பேரு பேச்சிமுத்து!"

"பேச்சிமுத்துவுக்கு" என்று சொல்லி மாடம்மாள் அரிசியைச் சட்டியில் விட்டாள். கொல்லத்துக்காரியும் நாகர்கோவில்காரியும் என்ன ஏதென்று தெரியாமலே குலவை போட்டார்கள்.

நான் மோர் வாளியைத் தரையில் வைத்துவிட்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். கும்பிட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன், கோவில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.